செட்டில் நிற்கும் ஹெரால்டு: பேட்டரி வாங்குவதற்கு முன்

வாசகர் கேள்வி: என் அப்பா 1969-ல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3, நான்கு கதவு வண்டி. பொள்ளாச்சி பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்), கார் செட்டில் நிற்கிறது. அவருக்குக் கண் பார்வை மங்கியதும் 1988-ல் நிறுத்தியதுதான், அப்புறம் யாரும் தொடவில்லை. அப்பா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் தார்ப்பாயை எடுத்துப் பார்த்தேன். டயர்கள் தரையோடு படுத்துவிட்டன, சீட்டுக்குள் எலிக்கூடு. எங்கள் ஊர் மெக்கானிக், "புது பேட்டரி மட்டும் வாங்குங்க, ஒரே நாள்ல ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்கிறார். இன்னொருவர் மாருதி 800 என்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார். அண்ணன், பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடு என்கிறார். ஆர்.சி. புக் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஒரே ஒரு வேண்டுகோள். பேட்டரி வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் யாராவது ஒருவர் ஆர்வத்தில் செல்ஃப் அடித்துவிடுவார். இத்தனை வருடம் செட்டில் பத்திரமாக நின்ற என்ஜின் கெட்டுப்போக அந்த ஐந்து நொடி போதும்.

ஏன் என்று சொல்கிறேன். வண்டியை நிறுத்தியபோது நான்கு சிலிண்டரில் ஏதோ ஒன்றிரண்டில் வால்வு திறந்தே இருந்திருக்கும். அந்த வழியாக முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட மழைக்காலத்தின் ஈரம் உள்ளே போயிருக்கும். பிஸ்டன் ரிங், போரோடு (சிலிண்டரின் உள்சுவரோடு) லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பேரிங்குகளில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்து, என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்குப் போயிருக்கும். இந்த நிலையில் செல்ஃப் மோட்டார் வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும், போரில் கோடு விழும். வால்வு அதன் கைடுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால், வால்வை இயக்கும் தள்ளுகம்பியான புஷ்ராடு வளையும். நான் தொழில் பழகிய காலத்தில், அவசரப்பட்ட ஒரு சொந்தக்காரருக்காக இதே தவறைச் செய்திருக்கிறேன். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம்தான் கேட்டது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் மூன்று புஷ்ராடு வில் மாதிரி வளைந்து கிடந்தது. அன்றிலிருந்து நீண்ட நாள் நின்ற எந்த வண்டியையும் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் பேட்டரி இணைப்பதில்லை. கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது இதைவிட மோசம். அதற்கும் சம்மதிக்காதீர்கள்.

இனி, இந்த வண்டியின் மதிப்பு பற்றி. அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் பெயரில் வந்தது. இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி வரைந்த வடிவம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. ஆனால் உங்களிடம் இருக்கும் நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் தயாரானதே இல்லை. நம் ஊர்க் குடும்பங்களுக்காக 1968-ல் இங்கேதான் அந்த பாடியைக் கொண்டுவந்தார்கள். 1971-ல் நிறுத்தினார்கள். அடுத்து வந்த கெசல் கார், அந்த நான்கு கதவு பாடியிலிருந்து பிறந்ததுதான். ஆக மொத்தம் மூன்று, நான்கு வருடம் மட்டுமே தயாரான, வேறு எந்த நாட்டிலும் இல்லாத மாடல் உங்கள் செட்டில் நிற்கிறது. அதை எடைக்குப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் வருகிறது. என்ஜின், கியர்பாக்ஸ், முன்பக்க சஸ்பென்ஷன் சாமான்கள் பெரும்பாலும் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு உரியவை. இங்கிலாந்தில் அந்த வண்டிக்கு இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பிரேக் ரப்பர், பேக்கிங் செட், வாட்டர் பம்ப் எல்லாம் தபாலில் வரும். பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங், கைப்பிடி இவை உலகத்தில் எங்கும் புதிதாகக் கிடைக்காது. இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றினால்தான் உண்டு. எனவே பாடியிலிருந்து விழுந்த எதையும் குப்பையில் போடாதீர்கள். துருப்பிடித்த ஸ்குரூவைக்கூட டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

மாருதி என்ஜின் யோசனைக்கு வருகிறேன். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது சிறிய என்ஜின், எங்கும் சாமான் கிடைக்கும். ஆனாலும் வேண்டாம். காரணம் உணர்ச்சி மட்டுமல்ல, சட்டமும்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி சேர்த்தது. முதல் பதிவு நடந்து 50 வருடம் கடந்த, சொந்த உபயோக வண்டிகளை அதன் கீழ் பதியலாம். ஆனால் சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, என்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு வயது தகுதி வந்துவிட்டது. என்ஜினை மாற்றினால் அந்தத் தகுதியை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் நாள் கேமராவும் துடைப்பமும் மட்டும் போதும். எதையும் கழற்றும் முன் நாலாபுறமும், பேனட்டுக்குள்ளும், டிக்கியிலும், டேஷ்போர்டு அடியிலும் படம் எடுங்கள். முகக்கவசம், ரப்பர் கையுறை, கணுக்கால் மறைக்கும் செருப்பு அவசியம். எலி எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காமல், டெட்டால் தண்ணீர் தெளித்துத் துடைத்து எடுங்கள். தோட்டத்துச் சாளை என்பதால் சீட்டுக்கு அடியில் கைவிடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹெரால்டின் பேனட்டைத் திறப்பது ஒரு சந்தோஷம். இரண்டு பக்க லாக்கை விடுவித்தால் மட்கார்டோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜினைப் பார்க்கலாம். இவ்வளவு வசதியாக வேலை செய்யக் கொடுத்த வண்டி வேறு இல்லை. ஆனால் கீல் துருப்பிடித்திருக்கும். இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து மெதுவாகச் சாயுங்கள்.

அடுத்து நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். ஈரத்துரு தெரியும் பிளக் எதுவோ, பிரச்சினையும் அங்கேதான். டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் விடுங்கள். ஓட்டையைத் துணியால் மூடிவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு முறை மறுபடியும் கொஞ்சம் விடலாம். அப்புறம் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி (என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் சக்கரம்) நட்டில் நீளமான ஸ்பானர் போட்டு, வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் போகும் திசையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு விரல்கடை நகர்ந்தாலே பாதி ஜெயித்த மாதிரி. முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், இன்னும் ஆயில் ஊறட்டும். நான் ஒரு என்ஜினுக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன். ஆறாவது வாரத் தொடக்கத்தில் அது வெண்ணெய் மாதிரி சுற்றியது. அதன் பிறகும் ஜாம் விடாவிட்டால் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். சம்மட்டி, ஜாக்கி, நீளப் பைப் என்று பலத்தைக் காட்டினால் பிஸ்டன் போய்விடும்.

சுற்றுகிறது என்றால், மேலே இருக்கும் ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு இன்னும் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். எட்டு வால்வும் ஒவ்வொன்றாக இறங்கி ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இறங்கிய வால்வு ஏறாமல் நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த என்ஜினுக்கே உரிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். இதை எந்த மெக்கானிக்கும் கேட்காமல் செய்யமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒருவர் க்ளட்ச் மிதியை அழுத்தி அழுத்தி விடட்டும். இன்னொருவர் கிராங்க் புல்லியைப் பக்கவாட்டில் கூர்ந்து கவனிக்கட்டும். புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால், கிராங்க்கை முன்னும் பின்னும் நகரவிடாமல் பிடிக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முற்றித் தேய்ந்தால் அது கழன்று சம்ப்பில் விழும், கிராங்க் நேராக என்ஜினின் உடலான பிளாக்கையே உரசும். வாஷரின் விலை பெரிதல்ல. கண்டுகொள்ளாமல் விட்டால் பிளாக்கே போகும். நகர்வு நான்கிலிருந்து எட்டு 'தவு' வரை, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கிலிருந்து எட்டு பங்கு வரை இருந்தால் போதும். க்ளட்ச் மிதி இறங்கவே இல்லை என்றால் முதலில் க்ளட்ச் சிலிண்டர் வேலை. சம்ப்பை எப்படியும் இறக்கி, அடியில் கெட்டியாகக் கிடக்கும் பழைய ஆயிலை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவத்தான் வேண்டும். அப்போதே வாஷரையும் பார்த்துவிடலாம்.

என்ஜினில் இவ்வளவு ஆர்வமாக எழுதினாலும், பணத்தை முதலில் போட வேண்டிய இடம் என்ஜின் இல்லை. பிரேக்கும் முன்சக்கரமும்தான்.

இந்த வண்டியின் பிரேக் ஒரே லைன். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில்தான் போகிறது. எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. இத்தனை வருடத்தில் சிலிண்டர்களின் உள்சுவரில் அது சிறு சிறு குழிகளை அரித்திருக்கும். மிதி கெட்டியாக இருக்கிறது, கசிவு தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். இதில் பேரம் வேண்டாம். பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, கவரில் கட்டி அகற்றச் சொல்லுங்கள்.

முன்சக்கரத்துக்கு வருவோம். சக்கரத்தைத் திருப்பும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள் திருகித் திரும்பும். அதற்கு விடவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊரில் கிரீஸ் கன் கையில் இருப்பதால் எல்லோரும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கெட்டியான கிரீஸ் மரையின் இடுக்குக்குள் இறங்காது. தண்ணீர் இறங்கிவிடும். உள்ளுக்குள்ளேயே துரு தின்று, ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கும். என் பட்டறை வாசலிலேயே ஒரு ஹெரால்டு அப்படி மண்டி போட்டது. நடக்கும் வேகத்தில் திரும்பியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒடிந்த தண்டைத் துடைத்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று கிரீஸ், முறிந்த முகத்தில் முக்கால்வாசி பழைய பழுப்புத் துரு, கால்வாசி மட்டும் புதிய வெள்ளை உலோகம். அந்தக் கால்வாசிதான் அதுவரை வண்டியைத் தாங்கியிருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் தண்டும் கட்டையும் புதிது போட வேண்டும்.

சேஸிஸை அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஓடும் இரண்டு பெரிய சட்டங்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் மண் பட்டு ஓட்டையாகியிருக்கும். ஜாக்கியை நடுச்சட்டத்தில் மட்டும் வையுங்கள். பாடி பல துண்டுகளாக போல்ட் போட்டு இணைத்தது. எனவே டிங்கரிங்காரர் சீக்கிரமாகக் கழற்றிவிடுவார். திரும்பப் பூட்டும்போது கதவு மூடாது. கழற்றும் முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுத வேண்டும். போல்ட் அடியில் இருக்கும் தகடு வாஷர் எத்தனை என்று குறிக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாடியை இறக்கவே வேண்டாம். பக்கவாட்டுக் கைகளைப் பகுதி பகுதியாக வெல்டிங் செய்துகொள்ளலாம்.

டேங்க்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஓட்டை இருந்தால் அதில் நேரடியாக வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். எத்தனை வருடமானாலும் உள்ளே ஆவி இருக்கும், வெடிக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க் வேண்டாம். சிறிய கேனிலிருந்து நேராகக் கார்ப்பரேட்டருக்கு விடலாம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரமையும் அது கரைத்துவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். இன்னொரு விஷயம், இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. 2000 பிப்ரவரியோடு அது நாடு முழுக்க நின்றுவிட்டது. வால்வு உட்காரும் சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். எனவே ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடினமான வால்வு சீட் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம். மாதம் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அவசரமில்லை.

ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து பிரஷர் பார்த்துவிடலாம். பிளாக்கின் பின்பக்கம், நான்காவது சிலிண்டர் அருகே சேறு படிந்திருக்கும். வடிகுழாயைத் திறந்து கம்பி விட்டுக் குத்தினால்தான் வரும். ஒயரிங்கில் எலி கடித்ததை ஒட்டுப் போடாமல் முழு செட்டாக மாற்றி, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். பேட்டரி இணைக்கும் நாளில் ஒன்று கவனம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ் பக்கம். உங்கள் வண்டியில் எது என்று பழைய கேபிளைப் பார்த்து உறுதி செய்த பிறகே இணைக்க வேண்டும். டயருக்கு அலைய வேண்டாம். 13 அங்குல ரிம் என்பதால் வேகன்ஆருக்கு வரும் 145/80 ஆர்13 ரேடியல் பொருந்தும். என்ஜின் ஆயில் 20டபிள்யூ-50. புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில் வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு, பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றி, அதன் பின் பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். அந்த நாளில் தீயணைப்பு சிலிண்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

பெயிண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். படத்தில் தெரியும் அந்த வெளிர்நீலம் கம்பெனி பெயிண்ட் என்றே நினைக்கிறேன். முன்கதவின் மேல் விளிம்பில், ஓட்டுபவர் முழங்கை வைக்கும் இடத்தில் மட்டும் தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. பத்தொன்பது வருடம் உங்கள் அப்பாவின் கை இருந்த இடம் அது. அதன் மேல் பட்டி பார்த்து மெட்டாலிக் சிவப்பு அடிக்க எனக்குக் கை வராது. துரு இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிச் சரிசெய்து, மற்றதை பாலிஷ் போட்டுப் பாருங்கள். ஒரு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு, அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் அடித்துக்கொள்ளலாம். புது பெயிண்ட் எப்போதும் அடிக்கலாம். பழையதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வேலையை ஒட்டுமொத்தமாக ஒரே ஒர்க்‌ஷாப்பில் "எல்லாம் முடிச்சுக் கொடுங்க" என்று விடாதீர்கள். முழுவதும் பிரித்துப் போட்ட வண்டிகள்தான் வருடக்கணக்கில் மூலையில் கிடக்கின்றன. அதில் பாதி திரும்பச் சேர்வதே இல்லை. பிரேக், முடிந்ததும் முன்சக்கரம், முடிந்ததும் பெட்ரோல் லைன் என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்டிமேட், தனி பில். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் உங்கள் கைக்குத் திரும்ப வர வேண்டும். வெளியூரிலிருந்து சாமான் வரவழைக்கும்போதும் பழையதை அருகில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆர்.சி. வேலையை இதற்கு இணையாக இன்றே தொடங்கலாம். வாரிசு பெயருக்கு மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே அண்ணனின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அவரைச் சமாதானம் செய்வதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் புக்கில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். அதன் பின் பழம்பெரும் வாகனப் பதிவுக்கு விண்ணப்பிப்பதா, சாதாரணப் பதிவையே புதுப்பிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். முதலாவதில் பதிவு பத்து வருடம் செல்லும், அப்பாவின் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆனைமலை போய்வர வேண்டும் என்றால் சாதாரணப் பதிவுதான் உங்களுக்குச் சரி. ஃபிட்னஸ் சோதனைக்கு வண்டியைக் காட்ட வேண்டும் என்பதால் அது பிரேக் வேலைக்குப் பிறகு.

ஓட்டத் தொடங்கும்போது ஒன்று. ஹெரால்டின் பின் ஆக்ஸில் பழைய ஊஞ்சல் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வால்பாறை ரோட்டில் இறங்கும்போது இன்னும் கவனம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது பிளக்கைக் கழற்றி ஆயில் விடுவது மட்டும்தான். பத்து நாள் கழித்து புல்லி நகர்ந்ததா இல்லையா என்று எழுதுங்கள். கழற்றிய நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்து ஒரு படமும் அனுப்புங்கள்.